சிவாஜியும் ஓவர் ஆக்டிங்கும் எங்க காஞ்சிபுரமும்

போன தீபாவளிக்கு அக்கா பையன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஓ.எம்.ஆர். பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தோம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஓடிக்கொண்டிருந்தது. பயல் கொஞ்ச நேரம் பொறுமையாகத்தான் பார்த்தான். அப்புறம் மெதுவா ஆரம்பிச்சான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இவரு ஏன் மாமா மைக்கே இல்லாத மாதிரி பேசுறாரு?"

எனக்கு வந்ததே கோபம்! "டேய், உங்க தாத்தா இருந்திருந்தா இந்நேரம் உன்னை வீட்டை விட்டே தொரத்தியிருப்பாரு"ன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே, "இல்ல மாமா, நேத்து நைட்டு லேப்டாப்புல ஆண்டனி ஹாப்கின்ஸ் படம் பாத்தேன். ஒரு கண்ணாடிக்குப் பின்னாடி நிக்குறாரு, அவ்ளோதான். கத்தல, கைய ஆட்டல. நடிப்புன்னா அது"ன்னு சொல்லிட்டு பைக்கை எடுத்துக்கிட்டு கிளம்பிட்டான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. கோபத்தால இல்லை. பையன் கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்குன்னு அப்பதான் உறைச்சது. ஆமாம், அவர் மைக் இல்லாத மாதிரிதான் பேசுகிறார். ஏன்னா அவர் பேசக் கற்றுக்கொண்ட இடத்தில் மைக் இல்லை!

அவனுக்கு அன்னிக்குச் சொல்ல நினைத்து விட்டுப்போனதை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்குங்க.

முதலில் அந்த ஹாப்கின்ஸையே எடுத்துக்குவோம். 1937ல் வேல்ஸில் போர்ட் டால்போட் என்ற ஊரில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். அந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்துதான் சுரங்கத் தொழிலாளி மகனான ரிச்சர்ட் பர்ட்டனும் வந்தார். ரெண்டு பேருமே மேடையில் வளர்ந்தவர்கள். லண்டன் நேஷனல் தியேட்டரில் லாரன்ஸ் ஒலிவியருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அவர் இடத்தில் ஏறி நடிப்பதற்கு ஒரு ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆள்தான் ஹாப்கின்ஸ். 1967ல் ஒலிவியருக்குக் குடல்வால் தொந்தரவு வந்தது, இவர் மேடை ஏறினார், ஊர் பேச ஆரம்பித்தது. பையன் பார்த்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' வந்தது 1991ல். அந்த நடிப்புக்குத்தான் 1992ல் ஆஸ்கர். அதாவது, கண்ணாடிக்குப் பின்னாடி சும்மா நிற்கிறாரே, அந்த 'சும்மா நிற்பதை'க் கற்றுக்கொள்ள அவருக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. அதில் பெரும்பங்கு மேடை போட்ட சோறு.

அங்கே ஒரு நடிகரைப் பற்றி எழுதும்போது "இவர் மேடையிலிருந்து வந்தவர்" என்று எழுதினால் அது பட்டம். பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நம்ம ஊரில் என்ன சொல்கிறோம்? "நாடகத்தனமா இருக்கு" என்கிறோம். ஒரு கலையின் பெயரையே வசவாக ஆக்கிவிட்டோம். என் ஆதங்கம் இதுதான்.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம். வி.சி.கணேசன், 1928 அக்டோபர் 1ல் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். பையன் வளர்ந்தது திருச்சி சங்கிலியாண்டபுரம். சின்ன வயசில் தெருவில் கட்டபொம்மன் கூத்து பார்த்து, நடிச்சா இப்படி நடிக்கணும்னு மனசில் விழுந்துவிட்டது. பத்து வயசு நிரம்புவதற்குள் வீட்டை விட்டு பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி அது. முதல் வேஷம் எது தெரியுமா? சீதை! சிங்கம் மாதிரி கர்ஜித்தவர் என்று நாம் சொல்கிற ஆள் ஆரம்பித்தது பெண் வேஷத்தில்.

பாய்ஸ் கம்பெனின்னா இன்னிக்குப் பசங்களுக்குத் தெரியாது. ஸ்கூல் கிடையாது, வீடு கிடையாது. கம்பெனி எந்த ஊருக்குப் போகுதோ அதுதான் ஊர். விடியக்காலம் எழுந்து பாட்டு, ஆட்டம், வசனம், வேஷம். தப்பு பண்ணினா அடி. சாப்பாடும் சுமார்தான். அதில் நல்லது கெட்டது ரெண்டும் உண்டு, குழந்தைகளை அப்படி வளர்ப்பது சரின்னு நான் சொல்ல வரலை. ஆனா ராத்திரி திரை தூக்கினால், பந்தல் கடைசியில் மணலில் உட்கார்ந்திருக்கிறவன் காதுக்கு வசனம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அவனும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறான். அவனுக்கு முகம் தெரியாது, கண் தெரியாது. அவனுக்குத் தெரிவது உடம்பும் குரலும் மட்டும்தான். அந்தக் கடைசி ஆளுக்காக நடித்து நடித்து ஊறின உடம்பு அது.

இப்ப காஞ்சிபுரத்துக்கு வரேன். இந்தக் கதையில் எங்க ஊருக்குப் பெரிய பங்கு இருக்கு. உள்ளூர்க்காரங்களுக்கே நிறைய பேருக்குத் தெரியாது.

1940களின் நடுவில் எங்க ஊர் அண்ணா ஒரு நாடகம் எழுதினார். 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்'. மராட்டிய வீரனுக்கு முடிசூட்ட, குலத்தைக் காரணம் காட்டி முட்டுக்கட்டை போடுகிறார்கள், காசியிலிருந்து காகபட்டர் வர வேண்டியிருக்கிறது. இதுதான் கதை. காகபட்டர் வேஷத்தை அண்ணாவே போட்டுக்கொண்டார். சிவாஜி வேஷத்துக்கு முதலில் பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர். அது நடக்காமல் போக, டி.வி.நாராயணசாமி இந்தக் கணேசன் பெயரைச் சொன்னார். கிட்டத்தட்ட 90 பக்க வசனத்தை ஒரே நாளில் மனப்பாடம் செய்து அண்ணாவிடம் நடித்துக் காட்டினதாக சிவாஜியே சொல்லியிருக்கிறார். சென்னையில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் நாடகம் நடந்தது. பெரியார் பார்த்தார். இனிமேல் இவன் பெயர் சிவாஜி என்று அவர் சொன்னதுதான் கடைசி வரை நின்றது.

அந்தக் காலத்தில் கணேசன் காஞ்சிபுரத்தில் அண்ணாவோடு வந்து தங்கி இருந்திருக்கிறார். 'திராவிட நாடு' பத்திரிகை 1942லிருந்து இங்கேதான் நடந்துகொண்டிருந்தது. கையில் காசில்லாத, ஒல்லியான ஒரு நாடகக்காரப் பையன் எங்க தெருக்களில் நடந்திருக்கிறான். பின்னாடி அவன் உலகம் சுற்றப்போகிறான் என்று அன்னிக்கு யாருக்குத் தெரியும்?

சினிமாவுக்கு வந்த கதையும் நாடகத்தால்தான். வேலூரில் இவர் நூர்ஜஹான் வேஷம் போட்டதைப் பார்த்தவர் பி.ஏ.பெருமாள் முதலியார். மறுபடியும் பெண் வேஷம், கவனிங்க! அவர்தான் 'பராசக்தி' எடுக்கும்போது இந்தப் பையன்தான் ஹீரோ என்று நின்றார். ஏ.வி.எம். தரப்பில் தயக்கம். ஆள் ஒல்லி, முகம் எடுபடாது, கே.ஆர்.ராமசாமியைப் போடலாம் என்று பேச்சு. பெருமாள் பிடித்த பிடியை விடவில்லை. 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. அதுக்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். வேலூருக்குப் பொங்கல்தோறும் போய் அந்தப் பெருமாள் வீட்டில் நன்றி சொல்லிவிட்டு வந்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

'கட்டபொம்ம'னும் முதலில் நாடகம்தான். சக்தி டி.கே.கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் 1957லிருந்து ஊர் ஊராகப் போட்டது. 1959ல் பி.ஆர்.பந்துலு படமாக எடுத்தார். 1960ல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது. ஜி.ராமநாதனுக்கு இசைக்காக விருது.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கெய்ரோவில் உட்கார்ந்திருந்த நடுவர்களுக்குத் தமிழ் தெரியாது. பாஞ்சாலங்குறிச்சி எங்கே இருக்குன்னு தெரியாது. நாம் உருகி உருகிக் கேட்கிற வசனத்தின் எதுகை மோனை அவர்களுக்கு ஒன்றுமே கிடையாது. பின்னே எதைப் பார்த்து விருது கொடுத்தார்கள்? என்னைக் கேட்டால், மணலில் உட்கார்ந்தவனுக்குப் போய்ச் சேர்ந்ததே, அதேதான் அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. முகம் தெரியாத தூரத்தையும் தாண்டும், மொழி தெரியாத தூரத்தையும் தாண்டும். கெய்ரோவும் ஒரு கடைசி வரிசைதான்!

1962ல் அமெரிக்க அரசு அழைத்து அங்கே போனார். நயாகரா நகரத்துக்கு ஒரு நாள் கௌரவ மேயர் ஆனார். மார்லன் பிராண்டோவைச் சந்தித்தார். 1995ல் பிரான்ஸ் செவாலியே கொடுத்தது. அடுத்து தாதாசாகேப் பால்கே. ஆனால் சிறந்த நடிகருக்கான தேசிய விருது மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. 'தேவர் மக'னுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது என்று அறிவித்தபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. நான் சிரித்துக்கொண்டது இதற்குத்தான்: பிராண்டோ இவரைப் பற்றி என்னவோ சொன்னதாக ஆளுக்கொரு வாசகம் வாட்ஸப்பில் சுற்றுகிறது. எதுவும் எனக்கு நம்பும்படி இல்லை. நம் ஆள் நன்றாக நடித்தார் என்று சொல்ல நமக்கு எதுக்கு ஒரு வெள்ளைக்காரர் சர்டிபிகேட்? பார்த்த நமக்குக் கண் இல்லையா?

இப்ப 'ஓவர் ஆக்டிங்' விஷயம். நேர்மையா சொல்லிடறேன். எழுபதுகளின் கடைசியில் வந்த சில படங்களை என்னாலும் பார்க்க முடியலை. தொந்தியும் விக்கும் சின்னப் பொண்ணு ஹீரோயினுமா... வேண்டாம், விட்டுடுவோம். ஆனா குரலை இறக்கத் தெரியாதவர்னு மட்டும் சொல்லாதீங்க. 1954லேயே 'அந்த நாள்'. பாட்டே இல்லாத படம். அதில் நாட்டைக் காட்டிக்கொடுக்கிற ரேடியோ இன்ஜினியராக எவ்வளவு அடக்கி வாசித்திருக்கிறார்! 1985ல் 'முதல் மரியாதை'. ஒரு பெரிய மனுஷன் தன் ஆசையைத் தானே பார்த்து வெட்கப்படுவதை முகத்தின் ஒரு ஓரத்தில் வைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அதுக்காக 'கட்டபொம்மன் மட்டும் ஓவர்' என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். எங்க அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்தவர். குழித்தறி. கால் குழிக்குள்ளே மிதியில், கை நாடாவில், கண் இழையில். உடம்பில் சும்மா இருப்பது காது ஒன்றுதான். திருவிழா, கல்யாணம் எது வந்தாலும் தெருமுனையில் கூம்பு ஸ்பீக்கர் கட்டி 'கட்டபொம்மன்' கதை வசனம் போடுவாங்க. ஞாயித்துக்கிழமைன்னா ரேடியோவில் ஒலிச்சித்திரம். எங்க தெரு பூரா அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டே நெய்யும். அப்பா அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தது ரெண்டு தடவையோ மூணு தடவையோ. கேட்டது நூறு தடவை இருக்கும். தறிச் சத்தத்தையும் தாண்டி அந்தக் குரல் குழிக்குள்ளே இறங்கி வந்தது. அவருக்கு அது ஓவரா? அவருக்கு அது அளவாகத்தான் இருந்தது.

எங்க தொழிலிலிருந்தே ஒண்ணு சொல்றேன். காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒரு வேலை உண்டு. உடல் ஒரு கலர், கரை வேறொரு கலர். ரெண்டையும் தனித்தனி நாடா போட்டு நெய்து, இழைக்கு இழை கோத்துக்கொண்டே போகணும். ஒருத்தரால் ஆகாது, பக்கத்தில் இன்னொரு கை வேணும். சரியாகக் கோத்த சேலையில் துணி நைந்தாலும் கரை பிரியாதுன்னு அப்பா சொல்லுவார். அந்தக் கரையைப் பார்த்து "என்ன இவ்ளோ பட்டையா அடிக்குது கலரு"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அது கல்யாண மண்டபத்தில் கடைசி நாற்காலிக்காரருக்கும் தெரியணும்னு நெய்தது. ஆபீசுக்குக் கட்டிக்கிட்டுப் போக வேற சேலை இருக்கு. சிவாஜியிடம் நாடகமும் சினிமாவும் இப்படித்தான் கோத்திருந்தன. கரையை மட்டும் பிய்த்து எடுத்துட்டு உடலைக் கொடுங்கன்னா எப்படி?

எங்க ஊர் சம்பந்தம் அண்ணாவோட முடியலை. 1956ல் சிவாஜி திருப்பதி போய் வந்ததும் கழகத்தில் கொந்தளிப்பு, போஸ்டரில் சாணி, கேலி. அவர் அந்தப் பக்கத்தை விட்டு விலகினார். 1967ல் ஏ.பி.நாகராஜன் 'திருவருட்செல்வர்' எடுத்தார். அவரும் சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். அதில் வயசான அப்பராக நடிக்க சிவாஜி யாரை மனசில் வைத்துக்கொண்டார் தெரியுமா? காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியை. அந்த உட்காரும் விதம், தளர்ந்த நடை, பார்வை எல்லாம் அங்கிருந்து எடுத்தது. அண்ணா எழுதிய வசனத்தில் பெயர் வாங்கினவர், சங்கர மடத்துப் பெரியவரைப் பார்த்து அப்பர் ஆனார். ஒரே ஊரின் ரெண்டு ஓரம்! கொள்கைக்காரங்க ரெண்டு பக்கமும் இதில் சங்கடப்படலாம். எனக்கு இது ஒரு நடிகனின் கண்ணாகத்தான் தெரியுது. எங்கே நல்ல இழை இருந்தாலும் எடுத்துக்கொள்கிற கண்.

இதையெல்லாம் பழம்பெருமைக்காக எழுதலை. இந்த மாதிரி ஆள் இனிமே எங்கிருந்து வருவார் என்பதுதான் என் கவலை.

பாய்ஸ் கம்பெனி போச்சு. சபா நாடகம் தேய்ந்துபோச்சு. எங்க ஊரைச் சுற்றி மிச்சம் இருப்பது கூத்து. சித்திரை வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய நடக்கிற கட்டைக்கூத்து. அதில் 'கர்ண மோட்சம்' பார்த்திருக்கீங்களா? கர்ணனாகக் கட்டைகட்டி நிற்கிறவர் பாடிக்கொண்டே சுற்றி ஆடி வரும்போது, தூரத்தில் பாயில் படுத்திருக்கிற கிழவி எழுந்து உட்காருவாள். 2012ல் 'கர்ண'னைப் புதுப்பித்து வெளியிட்டபோது 100 நாளைத் தாண்டி ஓடியது, இளவட்டங்களும் போய்ப் பார்த்தார்கள். நாம் எல்லாரும் ஆச்சரியப்பட்டோம். கூத்து பார்த்தவங்க ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாங்க.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்து குருகுலம் ஒன்று இருந்தது. கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபாலும், ஹாலந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட அவர் மனைவி ஹன்னா டி ப்ரூயினும் 2002ல் தொடங்கினது. பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பும் உண்டு, கூத்தும் உண்டு. பெண் பிள்ளைகளும் கட்டைகட்டி ஆடினார்கள். அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனியில் இல்லாத ரெண்டும் இங்கே இருந்தது. 2020ல் அதை மூடிவிட்டார்கள். அந்தச் செய்தி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு நடிகர் படத்தின் டீசர் அஞ்சு நிமிஷம் தாமதமானால் ஊரே அலறுது.

ஹாப்கின்ஸுக்கு 2021ல் ரெண்டாவது ஆஸ்கர் கிடைத்தது. 'தி ஃபாதர்', ஒரு பிரெஞ்சு மேடை நாடகத்திலிருந்து வந்த படம். 83 வயசு. அங்கே மேடை இன்னும் உயிரோடு இருக்கிறது, அதனால் அதிலிருந்து ஆளும் கதையும் வந்துகொண்டே இருக்கிறது. நாம் மேடையைக் காயப்போட்டுவிட்டு, "நம்ம ஊர்ல ஏன் சார் அந்த மாதிரி நடிகர் இல்லை"ன்னு கேட்டுக்கிட்டிருக்கோம்.

பையனிடம் போன வாரம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டான், பாதி வேலை பார்த்துக்கிட்டே இருந்திருப்பான். கடைசியில், "சரி மாமா, அந்தக் கூத்து எப்ப நடக்கும்? சனிக்கிழமை ராத்திரின்னா வரேன்"னான்.

சித்திரையில் கூட்டிட்டுப் போறதா இருக்கேன். முன்னாடி இடம் பிடிக்கப் போறதில்லை. கடைசியில், பாய் விரிச்சு உட்காருவோம். அங்கே வரைக்கும் கேட்குதான்னு அவனே சொல்லட்டும்.

பி.கு.: சிவாஜியா எம்.ஜி.ஆரான்னு சண்டை போட வர்றவங்களுக்கு: எங்க அம்மா எம்.ஜி.ஆர். கட்சி. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் சமாளிச்சாச்சு. உங்களையும் சமாளிப்போம் :-)